"இங்க வேணாம், அங்க பேசுவோம்"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் டியூஷன் நடத்தும் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். ஒரு சாயங்காலம், படிவம் இரண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி பாடம் முடிந்தும் கிளம்பவில்லை. "டீச்சர், இதக் கொஞ்சம் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினாள். அவளுக்குப் பிடித்த நடிகரின் ரசிகர் குழுவில் பழக்கமான ஒருவர் அனுப்பிய செய்திகள். "நீ வரஞ்ச படம் செம்ம." "சாப்டியா?" "எந்த ஸ்கூலு?" இப்படியே மூன்று வாரம். கடைசியாக, "இங்க வேணாம், ஒரே கூட்டம். நம்பர் குடு, வாட்ஸ்அப்ல பேசுவோம்."

இதில் ஒரு கெட்ட சொல் கூட இல்லை. இளம்பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு இத்தனை ஆண்டுகளாகத் தடுமாறியதும், இப்போது திசை மாறியிருப்பதும் இதனால்தான்.

அப்பா காலத்தில் ரசிகர் மன்றம் என்றால் தோட்டத்துத் திடலில் கூடும் கூட்டம். அங்கே திரை கட்டிப் படம் காட்டுவார்கள். வெளியாள் ஒருவர் வயசுப் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தால், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைப் பாட்டியே "யாருப்பா நீ, எந்த லயம்?", அதாவது எந்த வீட்டு வரிசை, என்று கேட்டுவிடுவார். முகம், வயது, குரல் எல்லாம் கண்முன்னே இருக்கும். இணையக் குழுவில் அந்த மூன்றும் தெரிவதில்லை. நாற்பது வயதுக்காரர் பதினைந்து என்று சொன்னால் பதினைந்துதான்.

முதல் தலைமுறைப் பாதுகாப்பு வெறும் பிறந்த தேதிக் கட்டம். 13 வயது என்ற எல்லையே அமெரிக்கச் சட்டம் ஒன்றிலிருந்து வந்தது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டக்கூடாது என்று 1998-இல் இயற்றிய அந்தச் சட்டம் 2000-இல் நடப்புக்கு வந்தது. அது தகவல் திரட்டுவதைப் பற்றிய சட்டம். யார் பிள்ளையிடம் பேசுகிறார்கள் என்பதை அது பார்க்கவில்லை. கூடவே வந்தது சொல் வடிகட்டி, அதாவது தகாத சொற்களின் பட்டியல். ஆங்கிலத்தில் ஓரளவு உதவிய இந்தப் பட்டியல், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி நடுவில் மலாய்ச் சொல்லையும் சேர்க்கும் நம் பிள்ளைகளின் பேச்சுக்கு முன்னால் திணறியது. அது ஒவ்வொரு சொல்லையும் புரிந்துகொண்டிருந்தாலும் "சாப்டியா"வில் எதைப் பிடிக்கும்?

ஆகவே இப்போதைய அமைப்புகள் சொல்லைவிட நடத்தையைப் பார்க்கின்றன. பெரியவர் கணக்கு ஒன்று தனக்குப் பழக்கமே இல்லாத இளம்பிள்ளைகள் பலருக்கு நட்பு அழைப்பு அனுப்புகிறதா? பொது நண்பர்கள் யாருமே இல்லையா? அந்தக் கணக்கை எத்தனை பேர் தடை செய்திருக்கிறார்கள்? தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே குற்றமில்லை. மூன்றும் ஒரே கணக்கில் சேரும்போது எச்சரிக்கை மணி அடிக்கிறது. பாட்டி "எந்த லயம்?" என்று கேட்டதும் இப்படிக் கூட்டிப் பார்த்துத்தான்.

இதைவிடப் பெரிய மாற்றம் கதவுகளில் நடந்தது. ரசிகர் குழு ஒரு கூடம் என்றால் தனிச்செய்தி அதை ஒட்டிய அறை. ஆபத்து பெரும்பாலும் கூடத்தில் நடப்பதில்லை, அங்கிருந்து பிள்ளையை அறைக்குள் கூப்பிடும் இடத்தில்தான் தொடங்குகிறது. 2021-இல் இன்ஸ்டாகிராம், தங்களைப் பின்தொடராத இளையருக்குப் பெரியவர்கள் தனிச்செய்தி அனுப்புவதைத் தடுத்தது. 2024 செப்டம்பரில் இளையர் கணக்கு என்று தனி வகையே வந்தது. கேட்காமலேயே கதவு மூடியிருக்கும், 16 வயதுக்குக் கீழ் என்றால் திறக்கப் பெற்றோர் அனுமதி வேண்டும். பூட்டு முன்பும் இருந்தது. ஆனால் பிள்ளையே தேடிப் பூட்ட வேண்டியிருந்தது.

படங்கள் விஷயத்தில் நடந்தது எனக்கு உண்மையிலேயே நிம்மதி தந்த அறிவியல். மிரட்டலுக்குப் பயந்து அந்தரங்கப் படம் அனுப்பிவிட்ட பிள்ளைக்குப் பெரிய பயம், அது பரவுமே என்பது. இன்னொருவரிடம் காட்டினால்தான் தடுக்க முடியும் என்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? இதற்கு வழி எண் கைரேகை. படத்தைச் சிறிதாக்கி, நிறத்தை நீக்கி, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்பதை எண்களாக எழுதிக்கொள்கிறார்கள். அளவை மாற்றினாலும் சாயத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் எண்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். கோலம் அழிந்து மங்கினாலும் புள்ளி வரிசையை வைத்து இன்னார் வீட்டுக் கோலம் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா, அப்படி. எண்களிலிருந்து அசல் படத்தை அப்படியே மீட்டு வரைய முடியாது. மைக்ரோசாஃப்ட்டும் டார்ட்மத் கல்லூரியின் கணினி அறிஞர் ஹேனி ஃபரீத்தும் 2009-இல் ஃபோட்டோ டிஎன்ஏ என்ற பெயரில் இப்படி ஒன்றை உருவாக்கினார்கள். காணாமல்போன, சுரண்டப்பட்ட பிள்ளைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் 2023-இல் அறிவித்த 'டேக் இட் டவுன்' சேவையில், கைரேகை பிள்ளையின் கைப்பேசியிலேயே தயாராகிறது. படம் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை, எண் மட்டும் போகிறது. பெயரும் சொல்ல வேண்டாம். சேவையில் சேர்ந்த தளங்களில் மட்டுமே அது வேலை செய்யும் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

வயதுக்கு வருவோம். முகத்தைப் பார்த்து வயதை ஊகிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. எல்லை வயதை ஒட்டியவர்களிடம் அவை எளிதில் தவறும். பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் எந்த நிறத்தவர் குறைவோ அவர்கள் விஷயத்தில் பிழை கூடும் என்பது நம் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயமில்லை. மலேசியாவில் இன்னொரு வழியும் உண்டு. இங்கே 12 வயதில் மைகாட் என்ற அடையாள அட்டை எடுக்கிறோம், அதன் எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்குத் திறப்பதைத் தடுக்கும் திட்டத்தை அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தபோது, இத்தகைய அடையாள ஆவணச் சரிபார்ப்பைத்தான் முன்வைத்தது. 2025 இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்திருக்கிறது. தளம் தெரிந்துகொள்ள வேண்டியது "பதினாறு ஆயிற்றா, இல்லையா" என்ற ஒற்றைப் பதில் மட்டுமே, முழு அட்டை அல்ல. அந்த இடத்தில் நாம் விடாப்பிடியாக நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

இத்தனையும் செய்தாலும் "நம்பர் குடு" என்ற சொல் எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறது. வாட்ஸ்அப் உரையாடல் 2016 முதல் முனைக்கு முனை பூட்டிய பெட்டி. சாவி பேசும் இருவரிடம் மட்டுமே, நிறுவனத்துக்கே உள்ளே தெரியாது. பார்க்க ஆளில்லாத இடம் என்பதால்தான் அங்கே கூப்பிடுகிறார்கள். ஆனால் பெட்டியை உள்ளிருந்து திறக்கலாம். பிள்ளை "புகார்" என்பதைத் தட்டினால், அந்த ஆள் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அதற்கு முன், கணக்குப் பெயரும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைக்க வேண்டும். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் போலீசிடம் காட்ட எதுவும் மிஞ்சாது. 2017 சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, நேரில் சந்திக்காவிட்டாலும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு பேசிப் பழக்கப்படுத்துவதே குற்றம். 15999 என்ற தாலியான் காசே அரசாங்க உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

மாணவி எண் கொடுத்திருக்கவில்லை. மூன்று வாரச் செய்திகளையும் நாங்கள் மேலிருந்து கீழே நகர்த்தி ஒவ்வொன்றாகப் படம் பிடித்தோம். பிறகு குழுவின் அமைப்புகளில், உறுப்பினர்கள் தனிச்செய்தி அனுப்பலாம் என்ற பொத்தானை அணைத்தாள். "குழுவ விட்டுப் போகணுமா டீச்சர்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் வரைந்த படத்துக்குக் கீழே அன்று மாலையும் பத்துப் பதினைந்து பேர் இதயம் போட்டிருந்தார்கள்.