திரையில் ஏறும் எண், கைக்கு வராத காசு

பிட்காயின் போன்ற கிரிப்டோ காயின்களை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் பணம் போட்டதும் உங்கள் கணக்கில் இத்தனை பிட்காயின் என்று ஓர் எண் வருகிறதே, அது பிளாக்செயினில், அதாவது யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில், இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அது அந்த நிறுவனத்தின் சர்வரில், அவர்களே எழுதி வைத்துக்கொள்ளும் ஒரு பற்றுவரவு. நேர்மையான எக்ஸ்சேஞ்சிலும் இப்படித்தான், அதில் தப்பில்லை. ஒவ்வொரு சின்ன வாங்கல் விற்றலையும் பிளாக்செயினில் ஏற்றினால் நேரமும் கட்டணமும் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த எண்ணுக்கு ஈடாக உள்ளே நிஜமாகவே காயின் இருக்கிறதா? மோசடி பிறப்பது அங்கேதான்.

கனடாவின் குவாட்ரிகா சிஎக்ஸ் ஒரு காலத்தில் அந்த நாட்டின் பெரிய எக்ஸ்சேஞ்ச். அதை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூரில் இறந்துபோனார். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும், காயின் எல்லாம் பூட்டிக் கிடக்கிறது என்று முதலில் சொன்னார்கள். நீதிமன்றம் அமர்த்திய எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் தேடிப் பார்த்தால், காயினைப் பத்திரமாக வைத்திருந்ததாகச் சொன்ன வாலட்டுகளில் (டிஜிட்டல் பணப்பைகளில்) பெரும்பாலானவை 2018 ஏப்ரலிலிருந்தே காலி! ஒண்டாரியோ பங்குப்பத்திர ஆணையம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையில் முழுக்கதையும் வந்தது. காட்டன் பொய்ப்பெயர்களில் கணக்குத் திறந்து, அதில் இல்லாத டாலரையும் இல்லாத காயினையும் எண்ணாக ஏற்றி, அந்த எண்ணைக் கொடுத்து வாடிக்கையாளர்களின் நிஜக் காயினை வாங்கியிருக்கிறார். பணம் கேட்டு வந்தவர்களுக்குப் புதிதாக வந்தவர்கள் போட்ட பணத்தைக் கொடுத்திருக்கிறார். 76,000 பேருக்கு மேல் சிக்கினார்கள், போனது சுமார் 16.9 கோடி கனடிய டாலர்.

அது ஓரளவு நிஜமாகவே இயங்கிய சந்தை. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பழகி, லிங்க் அனுப்பி இறக்கச் சொல்கிற ஆப்களில் சந்தையே கிடையாது. விலை வரைபடத்தை நிஜச் சந்தையிலிருந்து எடுத்து ஓடவிடுவார்கள், உங்கள் லாபத்தை மட்டும் அவர்களே ஏற்றுவார்கள். முதலில் ஐயாயிரம் எடுத்துப் பார்த்தேன், வந்தது என்று நம்புகிறவர்கள் நிறைய. அந்த ஐயாயிரம் தூண்டில் புழு. சிறு தொகை வந்தது அந்தச் சிறு தொகைக்கு மட்டுமே சாட்சி, மீதிக்கு இல்லை.

சரி, எதைப் பார்ப்பது? காயினை உங்கள் சொந்த வாலட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நிஜமாக அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை எண் ஒன்று இருக்கும். பிட்காயினில் அது 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. அதை அவர்கள் கொடுத்த லிங்கில் பார்க்காமல் நீங்களே ஒரு பொது பிளாக் எக்ஸ்ப்ளோரரை (பிளாக்செயின் பதிவுகளைத் தேடிக் காட்டும் இணையதளம்) திறந்து தேடுங்கள். அங்கே இல்லையென்றால் எதுவும் அனுப்பப்படவில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது வரி என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றைப் பற்றி. லாபத்தை எடுக்க முன்கூட்டியே 30 சதவீத வரி கட்டு என்பார்கள், 30 சதவீதம் என்பது இந்தியச் சட்டத்தில் இருக்கிற உண்மையான எண் என்பதால் படித்தவர்களும் விழுந்துவிடுகிறார்கள். அந்த வரியை நீங்கள் வருமான வரித்துறைக்குத்தான் கட்டுவீர்கள், எக்ஸ்சேஞ்சுக்கு இல்லை. 1 சதவீத டிடிஎஸ்ஸையும் (விற்கும்போதே பிடிக்கும் வரி) விற்ற தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். உங்கள் காசை எடுக்கப் புதிதாகக் காசு அனுப்பச் சொன்னால் அது மோசடி, யோசிக்கவே வேண்டாம்.

2023 மார்ச் முதல் இந்தியாவில் சேவை தரும் எக்ஸ்சேஞ்சுகள் மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவில் பதிய வேண்டும். ஆனால் பதிந்த நிறுவனத்தின் பெயரையே போலிகள் வைத்துக்கொள்வதால் இணைய முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அப்புறம், பணம் போட யாரோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கைக் கொடுத்தால், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு என்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம், மோசடிக்காரர்கள் பிறரிடம் வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்குகளில் கைமாறிக் கைமாறி மணிக்கணக்கில் கரைந்துவிடும், கரைவதற்குள் வங்கி அதை முடக்கினால்தான் ஏதாவது மிஞ்சும்.