தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகத்தில் பெற்றோரின் பங்கு

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரின் நடுப்பகுதியில், வோஸ் வே என்னும் தெருவில், ஊதா நிறத்தில் நிற்கும் கட்டடத்தை இப்பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல நன்கு அறிந்திருக்கும். மெக்சிகோவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ரிகார்டோ லெகொரெட்டா வடிவமைத்து, 1990-இல் திறக்கப்பட்ட சில்ட்ரன்ஸ் டிஸ்கவரி மியூசியம் அது. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் இந்த அருங்காட்சியகத்துக்குப் பெரும் நன்கொடை அளித்தவர். தெருவின் பெயரும் அவரைக் குறிப்பதே. மழைக்காலத்தில் பிள்ளைகளை ஓடியாட விடுவதற்கு வசதியான இடம் என்றுதான் என்னிடம் படிக்கும் குழந்தைகளின் பெற்றோர் பெரும்பாலும் அதைப் பற்றிச் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் மழலையர் வகுப்பு ஆசிரியை என்ற முறையில் அங்கே குடும்பங்களைக் கவனித்து வருகிற எனக்கு, அந்த இடம் தரக்கூடியதில் பாதியைக்கூட நாம் பெற்றுக்கொள்வதில்லை என்றே தோன்றுகிறது.

உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் 1899-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தொடங்கப்பட்டது. 1960-களில் பாஸ்டன் நகரின் குழந்தைகள் அருங்காட்சியகம், பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டும் வழக்கத்தை விட்டு, பிள்ளைகள் தம் கையாலேயே இயக்கிப் பார்க்கும் முறைக்கு மாறியது. இன்று நாம் காணும் குழந்தைகள் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே. சான் ஹோசேயில் ஏறி அமர்ந்து பார்க்கத் தீயணைப்பு வண்டி இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது, நீரைத் திருப்பிவிட்டும் தடுத்தும் பார்க்கும் பகுதி இருக்கிறது, சோப்புக் குமிழிகள் செய்யும் இடமும் இருக்கிறது.

இங்கே நடந்த இரண்டு ஆய்வுகளைப் பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். கெவின் குரோலி, மோரீன் கேலனன் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் நடத்திய இந்த ஆய்வுகள் 2001-இல் வெளியாயின. முதலாவது, பிளவுகளுள்ள ஓர் உருளையைச் சுழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் படங்கள் அசைவதுபோல் தெரிவதைக் காணும் ஒரு காட்சிப்பொருளைப் பற்றியது. பெற்றோருடன் சேர்ந்து அதை இயக்கிய குழந்தைகள், பெற்றோர் உடனில்லாமல் இயக்கிய குழந்தைகளைவிட அதிக நேரம் நின்றார்கள். வேகமாகச் சுழற்றினால் என்ன, மெதுவாகச் சுழற்றினால் என்ன, பிளவு வழியாகப் பார்க்காமல் மேலிருந்து பார்த்தால் என்ன என்று மாற்றி மாற்றிப் பார்த்து, கற்றுக்கொள்வதற்குத் தேவையான ஒப்பீடுகளைச் செய்தார்கள். பெற்றோர் அங்கே பாடம் நடத்தவில்லை. குழந்தை செய்து கொண்டிருக்கும்போதே, அந்தக் கணத்துக்குப் பொருந்துகிற ஓரிரு வாக்கியங்களைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது ஆய்வு மனத்தை உறுத்தக்கூடியது. காட்சிப்பொருள்களில் ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் ஒரே அளவு ஆர்வம் காட்டினார்கள். ஒன்றை எப்படி இயக்குவது என்பதைப் பெற்றோர் இருவருக்குமே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அது ஏன் அப்படி நடக்கிறது என்ற விளக்கத்தை மட்டும் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகச் சொன்னார்கள். கேள்வி கேட்கும் பருவத்தை எட்டாத மிகச் சிறிய குழந்தைகளிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது என்பதால், பையன்கள் அதிகம் கேட்கிறார்கள், ஆகவே அதிகம் சொல்கிறோம் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. இதைப் படித்த பிறகு நீர் விளையாடும் பகுதியில் நின்று கவனித்தால், ஒரே தந்தை மகனிடம் "தண்ணிய இங்க அடைச்சா அங்க ஏன் வேகமா வருது பாத்தியா, போற வழி குறுகிடுச்சுல்ல" என்று சொல்வதும், மகளிடம் "சட்டை நனையாம விளையாடும்மா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதும் காதில் விழும். அன்பில் குறையுள்ளவர் அல்லர் அவர். தாம் அப்படிப் பேசுகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. பெண் குழந்தை வைத்திருப்பவர்கள் அடுத்த முறை செல்லும்போது இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துச் சென்றாலே போதும் என்பேன்.

விளக்கத்தைத் தமிழிலேயே சொல்லுங்கள். காட்சிப்பொருளின் அருகே எழுதியிருப்பது ஆங்கிலம் என்பதால், வீட்டில் தமிழ் பேசும் பெற்றோரும் அங்கே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அந்த மாற்றத்தில் பேச்சும் சுருங்கிவிடுகிறது. காரணகாரியத்தைத் தாய்மொழியில் பிடித்துக்கொண்ட குழந்தைக்குப் பள்ளியில் அதற்கான ஆங்கிலச் சொற்கள் எளிதாக வந்து சேரும். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் தாத்தா பாட்டிகளுக்கு இங்கே இயல்பாகவே ஓர் இடம் உண்டு. 2005-இல் குவாடலூப்பே ஆற்றங்கரையில் நாயுடன் நடந்து சென்ற உள்ளூர்வாசி ஒருவர் கண்டெடுத்த மாமூத் என்னும் பழங்கால யானையின் எலும்புகளைப் பற்றி அங்கே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அந்த இளம் விலங்குக்கு ஆற்றின் பெயரைச் சுருக்கி லூபே என்று பெயரிட்டிருக்கிறார்கள். கோயில் யானையை அருகில் நின்று பார்த்துப் பழகிய ஒரு பாட்டி, அது துதிக்கையால் கரும்பை எப்படி ஒடித்துத் தின்னும், கடைவாய்ப் பல் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்றெல்லாம் பேரக்குழந்தைக்குச் சொல்லத் தொடங்கினால், அந்த இடத்தில் அவரைவிடச் சிறந்த வழிகாட்டி கிடைப்பது அரிது. ஆங்கிலம் தெரியாது என்று அவர்களைச் சிற்றுண்டிப் பகுதியில் பைகளுக்குக் காவலாக உட்கார வைத்துவிடாதீர்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் நம்மவரிடம் அதிகம். நுழைவுக் கட்டணம் கொடுத்திருக்கிறோமே என்ற எண்ணமும் அதற்குக் காரணம். மூன்று வயதுக் குழந்தை அரை மணி நேரம் ஒரே குழாயில் பந்தைப் போட்டுக்கொண்டிருந்தால், அது நேரத்தை வீணாக்கவில்லை. பந்து ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வெளிவருகிறதா என்று சோதித்துக்கொண்டிருக்கிறது. அதை இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடும்போது அந்தச் சோதனையைத்தான் நாம் கலைக்கிறோம். மிகச் சிறிய குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பெரிய பிள்ளைகளின் ஓட்டத்துக்கு நடுவே மிரளும் குழந்தைகளை முதலில் அங்கே அழைத்துச் செல்வது நல்லது.

கட்டணம் தடையாக இருக்கும் குடும்பங்களுக்கு வழிகள் உண்டு. அமெரிக்கா முழுவதும் நடைபெறும் 'மியூசியம்ஸ் ஃபார் ஆல்' என்னும் திட்டத்தில் சேர்ந்துள்ள அருங்காட்சியகங்கள், ஸ்னாப் என்னும் உணவு உதவி பெறுவோரை, அந்த அட்டையைக் காட்டினால் இலவசமாகவோ மூன்று டாலருக்கு மிகாத கட்டணத்திலோ அனுமதிக்கின்றன. கலிபோர்னியாவில் அந்த உதவிக்குக் கால்ஃபிரெஷ் என்று பெயர். பல பொது நூலகங்கள் தம் உறுப்பினர்களுக்கு அருங்காட்சியக பாஸ் வழங்குகின்றன. உங்கள் நூலகத்தில் எந்தெந்த அருங்காட்சியகங்களுக்குக் கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் ஒரு செய்தியைத் தனியே சொல்ல வேண்டும். பொதுப் பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு, கூட்டமும் இரைச்சலும் இல்லாத சூழலில் அக்குழந்தைகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் மட்டும் வருவதற்காக 'பிளே யுவர் வே' என்ற நிகழ்ச்சியை இந்த அருங்காட்சியகம் நடத்தி வந்திருக்கிறது. "அங்கெல்லாம் இவனால இருக்க முடியாது டீச்சர், நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க" என்று சொல்லி, ஒருமுறைகூட முயன்று பார்க்காமல் இருந்துவிடும் பெற்றோரை நான் அறிவேன். அவர்களுடைய தயக்கத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. அந்தத் தயக்கத்தை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட நிகழ்ச்சிதான் இது. அடுத்து எப்போது நடக்கிறது, முன்பதிவு வேண்டுமா என்பதை அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசியில் பேசியே தெரிந்துகொள்ளலாம். உடன்பிறந்த குழந்தைகளையும் சேர்த்தே அழைத்துச் செல்லுங்கள்.