ஐம்பது யூனிட், கேட்டால்தான் வரும்

ஜூன், ஜூலை குளிர்காலம் வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் சாட்ஸ்வர்த் பக்கத்திலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: “மீட்டர் கெட்டுப்போச்சு தம்பி, வந்து பார்.” எலக்ட்ரீஷியனாக இத்தனை வருஷத்தில் நிஜமாகவே கெட்டுப்போன மீட்டரை நான் பார்த்தது குறைவு.

போன குளிர்காலத்தில் ஓர் ஆயா கூப்பிட்டார். முதியோர் உதவித்தொகைதான் அவருக்கு வருமானம். பிரீபெய்ட் மீட்டருக்கு வாங்கும் மின்சார டோக்கன் பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறதாம். கூரைக்குள் ஏறி கீசர் மூடியைக் கழற்றினேன். தெர்மோஸ்டாட் 75 டிகிரியில் நின்றது. இறங்கி வந்தால், பிஸ்கட் டின் நிறைய டோக்கன் ரசீதுகளை மேசையில் கொட்டி வைத்திருக்கிறார். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. இலவச டோக்கன் ஒன்றுகூட இல்லை.

“பதிவு செய்யலையா ஆயா?” என்றேன்.

“அது ஏழைங்களுக்குப்பா.”

தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் வசதி குறைந்த வீடுகளுக்கு மாதம் 50 யூனிட் மின்சாரம் இலவசம். அதற்கான பணத்தை மத்திய அரசு நகராட்சிகளுக்குக் கொடுக்கிறது. சில நகராட்சிகள் 50-க்கு மேலும் தருகின்றன. ஆனால் இதைப் பெறப் பதிய வேண்டிய பதிவேட்டுக்கு வைத்திருக்கும் பெயர் ‘வறியோர் பதிவேடு’! நாற்பது வருஷம் ஆலையில் உழைத்து வீடு கட்டியவர் அதில் போய்க் கையெழுத்துப் போடுவாரா? பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

தகுதி ஊருக்கு ஊர் மாறும். ஓரிடத்தில் குடும்ப வருமானம் பார்ப்பார்கள், இன்னோரிடத்தில் வீட்டின் மதிப்பையோ மாத மின்சாரப் பயன்பாட்டையோ பார்ப்பார்கள். டர்பனில் இருப்பவர்கள் நகராட்சியின் சேவை மையமான சிசகாலா மையத்தில் விசாரிக்கலாம். அரசு மின் நிறுவனமான எஸ்காமிடம் நேரடியாக மின்சாரம் வாங்குபவர்களும் நகராட்சியில்தான் பதிய வேண்டும். அங்கிருந்துதான் பெயர்ப் பட்டியல் எஸ்காமுக்குப் போகும். அடையாள அட்டை, வருமானச் சான்று, மின்கட்டண ரசீது அல்லது மீட்டர் எண் இவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். “நான் முடித்துத் தருகிறேன், 200 ராண்ட் கொடு” என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

ஆயாவின் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்துவிட்டது. தாத்தா இறந்து 11 வருஷம், வீட்டின் மின் கணக்கு இன்னும் அவர் பெயரிலேயே! இந்தச் சிக்கலை நான் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். இறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தோம். போலீஸ் நிலையத்தில் பிரமாணப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கினோம், அதற்குக் காசு கேட்பதில்லை. இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்கள்.

பதிந்துவிட்டால் மட்டும் போதாது. பிரீபெய்ட் மீட்டர் என்றால் மாதாமாதம் இலவச டோக்கனை நீங்களே கேட்டு வாங்கி, அந்த 20 இலக்கத்தையும் அழுத்த வேண்டும். பல இடங்களில் இந்த மாதம் எடுக்காதது அடுத்த மாதத்துக்குச் சேராது. பதிவைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தால் அதையும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

சரி, 50 யூனிட் எதற்குக் காணும்? விளக்கு, டிவி, கெட்டில், கொஞ்சம் இஸ்திரி. இதை மனத்தில் வைத்துத்தான் திட்டமே போட்டார்கள். 150 லிட்டர் கீசரில் பச்சைத் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்க 7 யூனிட்டுக்கு மேல் ஆகும். தினம் ஒரு தடவை அப்படிச் சூடாக்கினால் ஒரு வாரத்தில் மொத்த இலவசமும் காலி. தெர்மோஸ்டாட் 60-இல் இருந்தால் போதும். ஆனால் நீங்களே மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே கரண்ட் இருக்கும். குளிக்க இரண்டு மணி நேரம் முன்பு சுவிட்சைப் போட்டு, குளித்ததும் அணைத்துவிடுங்கள். மீட்டரை பிரிட்ஜ் பண்ணி, அதாவது கரண்ட் மீட்டரில் பதியாமல் போகும்படி வயரை மாற்றித் தருகிறேன் என்று வருபவனைப் பற்றி ஒரே வார்த்தை: அப்படிச் செய்த இரண்டு வீடுகளில் கருகிப்போன போர்டை நான் மாற்றியிருக்கிறேன்.

ஆகஸ்டில் ஆயா போன் பண்ணினார். முதல் இலவச டோக்கன் வந்துவிட்டதாம், ஆனால் மீட்டர் ஏற்றுக்கொள்ளவில்லையாம். எண்ணை மெதுவாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். 19 இலக்கம்தான் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.