யார் அந்த ‘நாங்க’?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “2022 கால்பந்து உலகக் கோப்பையில் அர்ஜென்டினா சவுதி அரேபியாவிடம் தோற்ற அன்று ராத்திரி என் தம்பி சாப்பிடவில்லை. பிசைந்த சோறு தட்டிலேயே காய்ந்து கிடந்தது. அடுத்த மாதம் கோப்பையை வாங்கியதும் ‘நாங்க ஜெயிச்சுட்டோம்’ என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினான். அவன் பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. யார் அந்த ‘நாங்க’? இது எனக்குப் புரியாதது என்னுடைய குறையா?”

குறை எதுவும் இல்லை. அவர் காதில் சரியாக விழுந்த சொல் அது. இந்த விஷயத்தின் சாவியே அந்த ‘நாங்க’தான்.

முதலில் உடம்பைப் பார்த்துவிடுவோம். தம்பி நடிக்கவில்லை. 1994 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை டிவியில் பார்த்த பிரேசில், இத்தாலி ரசிகர்களிடம் ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் உமிழ்நீர் எடுத்துச் சோதித்தார்கள். ஜெயித்த பிரேசிலின் ரசிகர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது. இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. பெனால்டியை வானத்துக்கு அடித்தவர் இத்தாலி வீரர் ராபர்ட்டோ பாஜியோ. ஹார்மோன் இறங்கியது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனியின் மியூனிக் வட்டாரத்தில் எடுத்த கணக்கு இன்னும் கடுமையானது. ஜெர்மனி ஆடிய நாட்களில் அவசர இதயச் சிக்கல்கள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஸ்டென்ட் வைத்த அப்பா வீட்டில் இருந்தால், ஆட்டம் தொடங்கும் முன் மாத்திரை போட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். 1976-ல் வெளியான ஓர் ஆய்வில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு போன் செய்து, தங்கள் கல்லூரி அணி ஆடிய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அது அமெரிக்கக் கால்பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு. ஜெயித்த ஆட்டம் என்றால் ‘நாம்’ என்ற சொல் அதிகம் வந்தது, தோற்ற ஆட்டம் என்றால் குறைந்தது. அதற்குச் சற்று முன்பு கல்லூரி வாழ்க்கை பற்றி ஒரு சின்னத் தேர்வு வைத்து, “சரியாகச் செய்யவில்லை” என்று யாரிடம் சொன்னார்களோ, அவர்களிடம்தான் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. மனசு அடிபட்ட நேரத்தில் ஜெயித்தவனின் தோளில் கை போடத் தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் இருப்பது ஒரே ஒரு ‘நாம்’. தமிழில் இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. சக ரசிகனைக் கட்டிப்பிடித்து “நாம ஜெயிச்சுட்டோம்டா” என்றவன், அக்காவிடம் திரும்பி “நாங்க ஜெயிச்சுட்டோம்” என்றான். அந்த ஒரு எழுத்தில்தான் அக்கா வெளியே போனார். ரசிகர் அல்லாதவர்களுக்கு உறுத்துவது பெரும்பாலும் கால்பந்து இல்லை, இந்தக் கோடுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கோடு போட ஊரோ ரத்தமோ வரலாறோ தேவையில்லை. ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்களை, எந்த ஓவியரைப் பிடிக்கும் என்று கேட்டு இரண்டு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் குலுக்கல் முறையில்தான் பிரித்தார். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் பையன்கள் தன் குழுவுக்குச் சாதகமாகக் காசு பிரித்தார்கள். இதற்கே இப்படி என்றால், மரடோனாவையும் மெஸ்ஸியையும் பார்த்து வளர்ந்த கோழிக்கோட்டுப் பையன்களைக் கேட்க வேண்டுமா? 2022-ல் புள்ளாவூர் ஆற்றின் நடுவே 30 அடி மெஸ்ஸியை நிறுத்தினார்கள். பிரேசில் ரசிகர்கள் உடனே 40 அடி நெய்மாரை நிறுத்தினார்கள்.

என்னை ஆசை தீரப் பேச வைக்கிற சோதனை இனிமேல்தான் வருகிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவினும் குழுவினரும் செய்தது, 2005-ல் வெளியானது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களான மாணவர்களைக் கூப்பிட்டு, உங்கள் அணியை ஏன் பிடிக்கும் என்று எழுதச் சொன்னார்கள். பிறகு, “அடுத்த கட்டிடத்தில் ஒரு வீடியோ பார்க்க வேண்டும், நடந்து போங்கள்” என்று தனித்தனியாக அனுப்பினார்கள். வழியில் ஒரு புல்சரிவு. எதிரே ஓடி வருகிற ஒருவர் சறுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வலியில் முனகுகிறார். அவர் ஆராய்ச்சிக் குழுவின் ஆள். நின்று உதவுகிறார்களா என்று மறைவிலிருந்து குறித்துக்கொள்கிறார்கள்.

மாறுவது அவருடைய சட்டை மட்டும்தான். யுனைடெட் சட்டையில் விழுந்தபோது 13 பேரில் 12 பேர் உதவினார்கள். லிவர்பூல் சட்டையில் விழுந்தபோது 10 பேரில் 3 பேர். மான்செஸ்டர், லிவர்பூல் இரண்டு ஊருக்கும் பழைய பகை. லிவர்பூல் துறைமுகத்தைத் தொடாமலே கப்பல்கள் உள்ளே வர மான்செஸ்டர் 1894-ல் கால்வாயே வெட்டித் திறந்தது. அதனால் 3 எனக்கு ஆச்சரியமில்லை. எந்த அணியுடையதும் அல்லாத வெறும் சட்டையில் விழுந்தபோது? 12 பேரில் 4 பேர். எதிரியும் அந்நியனும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அடுத்து வேறு யுனைடெட் மாணவர்களை வைத்து அதே சரிவு, அதே சறுக்கல். இந்த முறை தொடக்கக் கேள்வியை மட்டும் மாற்றினார்கள். அணியைப் பற்றிக் கேட்காமல், கால்பந்து ரசிகராக இருப்பதில் என்ன நல்லது இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். இப்போது யுனைடெட் சட்டைக்கு 10-ல் 8 பேர் உதவினார்கள். லிவர்பூல் சட்டைக்கு 10-ல் 7! கால்வாய் வெட்டிய பகை ஒரு தாள் கேள்வியில் கரைந்தது. ‘நாங்கள்’ என்ற சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியதும் பரம எதிரி உள்ளே வந்துவிட்டான். வெறும் சட்டைக்காரர் மட்டும் வெளியிலேயே கிடந்தார்: 9-ல் 2.

அந்த வெறும் சட்டை வாசகியினுடையது. அவருடைய வருத்தம் கற்பனை இல்லை, புல்சரிவில் எண்ணிப் பார்த்தது.

இரண்டு சோதனையையும் சேர்த்தால் 64 பேர்தான். இன்னும் பெரிய அளவில், வேறு ஊர்களில் செய்து பார்க்க வேண்டும். மலப்புறத்தைவிட, கொல்கத்தாவைவிட இதற்கு நல்ல களம் எது? ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்ற இரண்டு கால்பந்து அணிகள் மோதுகிற நாளில் இலிஷ் மீனா இறாலா என்று சமையலறை வரை கட்சி பிரிகிற ஊர் கொல்கத்தா. மூன்று ஜெர்சியும் ஒரு புல்மேடும் போதும். சமூக உளவியலுக்குக் காசு ஒதுக்குவது வீண் என்ற எண்ணம் நம் நாட்டில் போக வேண்டும். கூட்டம் எப்போது கைகொடுக்கும், எப்போது மிதிக்கும் என்று தெரிந்துகொள்வதைவிட அவசரமான அறிவியல் நமக்கு உண்டா? 1980-ல் ஈடன் கார்டனில் இந்த இரண்டு அணிகளின் ஆட்டத்தில் 16 ரசிகர்கள் இறந்தார்கள்.

இன்னொன்றும் கடிதத்தில் இருந்தது. “நான் ஹாலுக்குள் வந்ததும் கோல் விழுந்ததாம். ‘ராசியில்லை, உள்ளே போ’ என்றான்.” இந்த மூளை வேலை பழசு. 1948-ல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர், புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். தீனி விழுந்தபோது எந்த அசைவில் இருந்ததோ, அதனால்தான் விழுந்தது என்பதுபோல் புறாக்கள் அதையே திரும்பத் திரும்பச் செய்தன. துவைக்காத ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஒரே மூலையில் உட்காருவதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு பெண்ணைப் பார்த்து ராசியில்லை என்று சொல்வதை விளையாட்டு என்று நான் விடமாட்டேன். அந்தச் சொல்லால் நம் வீடுகளில் எத்தனை பெண்கள் கல்யாணக் கூடத்தின் பின்வரிசைக்குப் போயிருக்கிறார்கள் என்று தம்பிக்குச் சொல்லுங்கள்.

கடிதத்தின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன். “ஃபைனல் பெனால்டிக்குப் போனபோது தம்பி படுத்திருந்த அம்மாவை எழுப்பிக் கூட்டி வந்து உட்கார வைத்தான். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ‘இதுல நம்ம பசங்க யாருடா?’ என்று கேட்டார். ‘கோடு போட்ட சட்டைம்மா’ என்று சொல்லி, அம்மா கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.”