சார்ஜ் ஏறுதா? ‘மின்னேற்றம்’ என்ற சொல் வந்த வழி

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் சின்னத் துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்தார். ஐம்பதைக் கடந்தவர். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் கணவரும்தான். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு மாறியதையும், இருவரும் பேசி முடிவெடுத்து, தாம்பத்திய சுகத்துக்கென்று ஒரு வைப்ரேட்டர் வாங்கியதையும் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. பிறகு பையைப் பிரித்தார்.

“சார்ஜே ஏற மாட்டேங்குது லா. இத எந்தக் கைப்பேசிக் கடையில கொண்டுபோய் நீட்டுறது? புத்தகம் பூரா இங்கிலீஷ், சீனம். நீதான் படிச்சுச் சொல்லணும்.”

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். கையேட்டை வாய்விட்டுத் தமிழில் சொல்ல ஆரம்பித்ததும் முதல் வரியிலேயே ‘சார்ஜ்’ வந்து நின்றது. அதற்கு நான் என்ன தமிழ் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்காவோ பையைப் பிரித்ததுமே அதைச் சொல்லிவிட்டிருந்தார்: ஏற மாட்டேங்குது.

சார்ஜ் என்ற சொல்லுக்குள் ஒரு வண்டி இருக்கிறது. பழைய கெல்ட்டியர் சக்கர வண்டியைக் குறித்த சொல்லை ரோமானியர் எடுத்து ‘கர்ருஸ்’ என்றார்கள். பிற்கால லத்தீனில் அதிலிருந்து ‘கர்ரிகாரே’ என்ற வினை பிறந்தது. வண்டியில் பாரம் ஏற்று என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் சார்ஜ் ஆனது. சாலையில் ஓடும் காரும், கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் கார்கோவும் இதே குடும்பம். ஒருவர் தலையில் ஏற்றிய வேலை பொறுப்பு ஆயிற்று, ஏற்றிய செலவு கட்டணம் ஆயிற்று, ஏற்றிய பழி குற்றச்சாட்டு ஆயிற்று. பஸ் சார்ஜும் சார்ஜ் ஷீட்டும் தமிழ்ப் பேச்சில் நுழைந்த வாசல்கள் இவை. துப்பாக்கிக்குள் மருந்து இடுவதும் சார்ஜ்தான். 1740களில் கண்ணாடிச் சாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கப் பழகியபோது அந்தச் சொல் மின்சாரத்துக்கும் வந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் ஈயத் தகடு பொருத்திய பல கண்ணாடிப் பலகைகளை வரிசையாக இணைத்து, பீரங்கி வரிசையின் பெயரையே அதற்கும் வைத்தார். அதுதான் பேட்டரி.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகங்களில் படித்தவர்களுக்கு ‘மின்னூட்டம்’ பழக்கம். இலங்கைத் தமிழர் இயற்பியலில் ‘ஏற்றம்’, ‘மின்னேற்றம்’ என்று எழுதுவார்கள். ஊட்டுதல் என்பது வாயருகே கொண்டுபோய்க் கொடுப்பது. ஏற்றுதல் என்பது கீழே இருப்பதை மேலே தூக்கி வைப்பது: லாரியில் மூட்டை ஏற்றுகிறோம், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம், நோயாளிக்கு ரத்தம் ஏற்றுகிறோம். ஒரு பொருளில் இருக்கும் மின்சாரத்தின் அளவைச் சொல்ல மின்னூட்டம் இருந்துவிட்டுப் போகட்டும். கருவிக்குச் செய்யும் வேலைக்கு மின்னேற்றம்தான் சரி என்பது என் முடிவு. லத்தீன்காரன் வண்டியில் ஏற்றியதை நாமும் ஏற்றுகிறோம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பேச்சில் இருக்கிறது. ‘சார்ஜ் ஏறுது’, ‘சார்ஜ் ஏத்து’, ‘சார்ஜ் இறங்கிருச்சு’ என்றுதான் நம் வீடுகளில் எல்லோரும் சொல்கிறோம். பெயரைக் கடன் வாங்கினோம். வினை நம்முடையதாகவே இருந்தது.

அந்த ஏற்ற இறக்கம் வெறும் பேச்சுவழக்கும் இல்லை. இத்தகைய கருவிகளுக்குள் இருக்கும் லித்தியம் அயனி மின்கலத்தின் மின்னழுத்தம் முழுதாக ஏறினால் பொதுவாக 4.2 வோல்ட், சாதாரணமாக 3.7, வற்றும்போது 3 வோல்ட்டுக்குக் கீழே சரியும். உண்மையிலேயே ஏறி இறங்குகிறது.

‘பொறுப்பேற்றல்’ என்பதில் வரும் ஏற்றல் வேறு. அது ஏல் என்ற வேரிலிருந்து வருவது, வாங்கிக்கொள்வது என்று பொருள். மின்னேற்றம் ஏறு என்ற வேர். எழுதும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சார்ஜருக்கு ‘மின்னேற்றி’. கணினி, செயலி போல ‘இ’ விகுதி பெற்று நிற்கும். அதே வழியில் வைப்ரேட்டருக்கு ‘அதிர்வி’ என்பேன். லத்தீனில் ‘விப்ராரே’ என்றால் அசை, நடுங்கு. அதிர் என்ற வினை அதைத் தடங்கலில்லாமல் தாங்குகிறது. அந்தரங்கக் கருவி, பாலியல் பொம்மை என்றெல்லாம் சுற்றி வளைப்பதைவிட, அது செய்யும் வேலையைச் சொல்லும் பெயர் மரியாதையானது. அக்கா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், அதிர்வி, அதிர்வி என்று. அதன்பிறகு அவர் ‘இது’, ‘அது’ என்று சொல்லவில்லை.

மலாய்க்காரர்கள் சார்ஜைச் சுருக்கிச் ‘சாஸ்’ ஆக்கிக்கொண்டார்கள். கடைப்பெட்டிகளில் ‘போலே டிச்சாஸ் செமுலா’ என்று பார்த்திருப்பீர்கள், மறுபடி சார்ஜ் ஏற்றலாம் என்று பொருள். ‘மீள்மின்னேற்றத்தக்க’ என்று தமிழில் எழுதுபவர்கள் உண்டு. வாயில் நிற்காத சொல். ‘திரும்பத் திரும்ப மின்னேற்றலாம்’ என்றாலே போதும்.

சரி, அக்காவின் அதிர்விக்கு வருகிறேன். அதில் செருகும் துளை இல்லை. அடியில் மிளகு அளவுக்கு இரண்டு உலோகப் புள்ளிகள். காந்த முனையுள்ள கம்பி அவற்றின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு புள்ளி மின்னியது, மற்றதில் வெளிர் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. களிம்பு! பாட்டி காலத்துச் செம்புக் குடத்தில் பிடிக்குமே, அதேதான். சைவ சித்தாந்திகள் உயிரோடு ஒட்டிய ஆணவத்துக்கு உவமை சொன்ன அதே செம்பிற் களிம்பு. மேலே பூசிய மெல்லிய பூச்சு தேய்ந்தால் உள்ளே இருக்கும் செம்புக் கலப்பில் ஈரம் பட்டு இது உண்டாகும். கழுவியபின் துடைக்காமல் குளியலறை அலமாரியில் வைத்திருக்கிறார். நம் ஊர்ப் புழுக்கத்தில் அங்கே எது காயும்? மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, கம்பியைக் கழற்றிய நிலையில், அந்தப் புள்ளிகளை மட்டும் தேய்த்தேன். பஞ்சு பச்சையானது. நன்றாகக் காயவிட்டு மறுபடி ஒட்டினோம்.

அப்போதும் விளக்கு எரியவில்லை. அக்கா முகம் வாடிவிட்டது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த மின்கலம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தால், உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும். உடனே செத்துப்போச்சு என்று முடிவுகட்டக் கூடாது, அரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். நாங்கள் மறுபடி தேநீர் போட்டோம். கால் மணி கழித்து விளக்கு சிமிட்டியது.

துளை உள்ள கருவிகளில் இன்னொரு கோளாறு உண்டு. இரு முனையும் டைப்-சி ஆன கம்பியில், கருவிக்குள் இருக்க வேண்டிய இரண்டு சிறு மின்தடைகள் இல்லையென்றால் மின்னேற்றி மின்சாரமே தராது. மலிவான பொருள்களில் அவற்றை விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய தட்டை வடிவில் இருக்கும் கம்பியை மாற்றிப் போட்டாலே ஏறும். முழுதாக ஏறியும் அதிரவில்லை என்றால், பையில் தானாக ஓடிவிடாமல் தடுக்கும் பயணப்பூட்டு விழுந்திருக்கலாம். பல கருவிகளில் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் திறக்கும். கருவியின் உடல் வீங்கினாலோ, ஏற்றும்போது கை பொறுக்காத சூடு வந்தாலோ வேறு ஒன்றும் செய்து பார்க்க வேண்டாம். கம்பியைக் கழற்றி, அதிர்வியை ஒதுக்கி, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிட வேண்டும். வீட்டுக் குப்பையில் போடக் கூடாது.

புறப்படும்போது அக்கா, “இதெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துரு” என்றார். “மின்னேற்றம் நிறைவுற்றதும் இணைப்பைத் துண்டிக்கவும்” என்று முதல் வரி எழுதினேன். படித்துக் காட்டியதும் அவர் புருவம் சுருங்கியது. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்:

கழுவினால் துடைத்துக் காயவிடுங்கள். இரண்டு புள்ளியும் பளிச்சென்று இருக்கிறதா பாருங்கள். கம்பி ஒட்டியதும் விளக்கு வராவிட்டால் அரை மணி பொறுங்கள். ஏறி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஏறும்போது அதிர்வியைப் பயன்படுத்த வேண்டாம். நாள்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி ஏற்றி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

தாளை நான்காக மடித்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார்.