நீராற்பகுப்பு: பகுப்பது நீரா, பகுபடுவது நீரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டியூஷனுக்குப் போகும் படிவம் ஐந்து மாணவரிடம் ‘ஹைட்ரோலிசிஸ்’ என்றால் சட்டென்று புரியும். மலாயிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். ‘நீராற்பகுப்பு’ என்றால் விழிப்பார். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. வேதியியல் தொடங்குவது அதற்கப்புறம்.

கிரேக்கத்தில் ‘ஹுதோர்’ நீர், ‘லூசிஸ்’ அவிழ்ப்பு. நீர் அவிழ்க்கிறதா, நீரே அவிழ்கிறதா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. தமிழாக்கத்தில் ‘ஆல்’ உருபு சேர்ந்து, நீரால் பகுப்பு என்று முடிவு கட்டிவிட்டது. செம்பனைக்கு இது கச்சிதம்: நசுங்கிய பழத்தில் நொதியின் துணையோடு நீர் கொழுப்பைப் பிளக்க, எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறுகிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு ஏற்றச் சொல்வது இதற்காகத்தான்.

உலோக அயனியில் கதை வேறு. கரைசலில் அலுமினியம் அயனியை (மின்சுமை ஏறிய அணுவை)ச் சுற்றி 6 நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். அயனியின் 3 நேர்மின்சுமை எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்க, ஒரு நீர் மூலக்கூறு ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு ஹைட்ராக்சைடாகிறது. பகுபட்டது நீர், உலோகம் அப்படியே இருக்கிறது. தோட்டத்துச் செம்மண்ணின் புளிப்பில் இதற்கும் பங்குண்டு. சுண்ணாம்புத் தூள் போட்டால் அலுமினியம் ஹைட்ராக்சைடாகப் படிந்து, வேருக்குத் தொல்லை குறையும். அதனால் உலோகங்களுக்கு உருபில்லாத ‘நீர்ப்பகுப்பு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உலோக நீர்ப்பகுப்பை அளக்கும் வழிகளில் ஒன்று கரைப்பான் பிரித்தெடுப்பு. ‘சாறு இறக்குதல்’ என்பாரும் உண்டு. அது கஷாய வாடை அடிக்கிறது. உலோகக் கரைசலோடு, அசிட்டைல் அசிட்டோன் போன்ற பிடிப்பான் (உலோக அயனியைக் கவ்விக்கொள்ளும் பொருள்) கலந்த, நீரில் கலக்காத டொலுயீனைச் சேர்த்துக் குலுக்குவார்கள். பிடிப்பானோடு சேர்ந்து மின்சுமை தீர்ந்த உலோகம் மேலே டொலுயீனுக்கு ஏறும். மற்றது நீரில் தங்கும். டொலுயீனில் உள்ள செறிவை நீரில் உள்ள செறிவால் வகுத்தால் வருவதே பங்கீட்டு விகிதம். பிஎச் ஏற ஏற (அதாவது புளிப்பு குறையக் குறைய), பிடிப்பான் ஹைட்ரஜனை விடுவதால் இந்த விகிதமும் ஏற வேண்டும். பிஎச்சுக்கு எதிராக விகிதத்தை வரைந்தால், ஓரிடத்தில் கோடு எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து வளையும். ஹைட்ராக்சைடு ஒட்டிய அயனிகள் நீரிலேயே நின்றுவிட்டன என்று அர்த்தம். எவ்வளவு தாழ்ந்தது என்பதிலிருந்து நீர்ப்பகுப்பு எந்த அளவுக்கு நடக்கும் என்பதைக் காட்டும் எண்ணான நீர்ப்பகுப்பு மாறிலியைக் கணக்கிடலாம்.

கதிரியக்கத் தடங்காட்டியை, அதாவது கதிர்வீச்சை வைத்து அளக்கக்கூடிய அதே உலோகத்தின் கதிரியக்க வடிவத்தை, போட்டால் மிக மிகக் குறைந்த உலோகமே போதும். அயனிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வாய்ப்பில்லாததால், ஒற்றை உலோக அணு கொண்ட அயனிகளின் மாறிலி மட்டும் தனியே கிடைக்கும். கோத்துக்கொண்டவற்றைப் பார்க்க வேண்டுமானால் செறிவைக் கூட்டி, பிஎச் மின்முனையோடு தரம்பார்க்க (காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பிஎச்சை அளக்க) வேண்டும்.