மலையேறிய மானியும் ஒரு துண்டுப் பிளாஸ்டரும்

நுவரெலியாப் பக்கம் ஒரு சின்ன வைத்தியசாலை. நோயாளிக்குப் போகும் காற்றில் ஒட்சிசன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கையடக்க ஒட்சிசன் மானி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். போய்ப் பார்த்தால், அலாரம் ஒலிக்கும் துளையின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டர், இரண்டு மடிப்பாக.

"என்ன செய்ய சேர், ராத்திரி முழுக்கச் சும்மா கத்துது. சத்தத்தை அமத்தினா ரெண்டு நிமிஷத்துல திரும்பவும் கத்துது. ஆனா ஒன் பண்ணும்போது டெஸ்ட் எல்லாம் பாஸ்னுதான் காட்டுது" என்றார் தாதி.

பிளாஸ்டரை உரித்துவிட்டு மானியை வெறும் காற்றில் பிடித்தேன். 16.8 சதவீதம். காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம், கொழும்பிலும் அதுதான், பீதுருதாலகால உச்சியிலும் அதுதான். மீதி நான்கு எங்கே போனது?

இந்த மானிகள் பலவற்றில் சென்சராக இருப்பது ஒரு சின்ன மின்கலம். மெல்லிய சவ்வு வழியாக உள்ளே போகும் ஒட்சிசன் அங்கிருக்கும் ஈயத்தோடு வினைபுரிய, மின்னோட்டம் பிறக்கிறது. கலத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒட்சிசனின் அழுத்தம் மட்டுமே. சதவீதம் நாம் சொல்லிக்கொடுத்த கணக்கு. நுவரெலியா கிட்டத்தட்ட 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். இந்த மானியைக் கீழே எங்கோ அளவுதிருத்தி, அதாவது அங்குள்ள காற்றில் 20.9 காட்டும்படி சரிசெய்து, பெட்டியில் போட்டு மேலே அனுப்பியிருக்கிறார்கள். நோயாளிக்கு 30 சதவீதம் போனாலும் 24 என்றுதான் காட்டும். அலாரம் ஒலிக்கவேண்டிய குறைந்த எல்லையை 26இல் வைத்திருந்தால் விடியவிடியக் கத்தாமல் என்ன செய்யும்?

சரி, தன்சோதனை ஏன் பாஸ் என்றது? பற்றரி, திரை, ஒலிப்பான், சென்சர் இணைப்பு, இவற்றைத்தான் பெரும்பாலும் அது பார்க்கிறது. காட்டும் எண் உண்மையா என்று அதற்குத் தெரியாது. அதை நாம்தான், மானி வேலைசெய்யும் ஊரின் காற்றிலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். அளவுதிருத்தியதும் 20.9 வந்தது. தாதி அதே பிளாஸ்டர் சுருளில் ஒரு துண்டு கிழித்து, திகதி எழுதி மானியின் முதுகில் ஒட்டினார்.

காற்றில் சரியாகக் காட்டுகிறதே என்று அதோடு விட்டுவிடவும் கூடாது. சிலிண்டரிலிருந்து தூய ஒட்சிசனைச் செலுத்திப் பாருங்கள். கிழட்டுச் சென்சர் காற்றில் 21 காட்டும். தூய ஒட்சிசனில் மூச்சு வாங்கி எண்பதுகளிலேயே நின்றுவிடும். புதிதாக வாங்கி அலமாரியில் வைத்த சென்சரும், உறையைப் பிரித்த நாளிலிருந்து தேய்ந்துகொண்டுதான் இருக்கும். நம் ஊர்க் குளிரில் இன்னொரு தொல்லை, ஈரப்பதமூட்டிய குழாயில் நீர் முத்துக்கட்டுவது. ஒரு துளி சவ்வில் படிந்தாலே எண் தவறும். சென்சரின் முகம் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள்.

கத்துகிற மானியைவிட எனக்குப் பயம் கத்தாத மானிதான். மேலே திருத்திய மானியோடு அம்புலன்ஸ் ரம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்குகிறது என்று வையுங்கள். கண்டி சுமார் 500 மீற்றர். இறங்க இறங்க அழுத்தம் கூடுகிறது, எண்ணும் கூடுகிறது. உண்மையில் 40 சதவீதம் போனால் மானி 47 என்று சொல்லும். குறைந்த எல்லை 35 என்று வைத்திருந்தால், உண்மை அளவு 30க்குக் கீழே போன பிறகுதான் சத்தம் வரும். அழுத்த மாற்றத்தைத் தானே ஈடுசெய்யும் மானிகளும் உண்டு. உங்களுடையது அந்த வகையா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் இறங்கியதும் அளவுதிருத்துங்கள். வழியில் நோயாளியின் விரலில் மாட்டும் மானியையும் நம்பியிருங்கள். அது குருதியைப் பார்ப்பது, உயரம் அதன் கணக்கைக் குழப்பாது. விரல் சில்லிட்டிருந்தால் அதுவும் தடுமாறும். கையைத் தேய்த்துச் சூடேற்றிவிட்டு மாட்டுங்கள்.